நிரல் நின்ற வரியும் பிழை நடந்த வரியும்

பினாங்கில் சி மொழி கற்பிக்கும் மதிப்பிற்குரிய விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். நான் பாயான் லெப்பாஸில் கருவிகளுக்கான மென்பொருள் எழுதும் பொறியாளன். 1972-இல் இங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கப்பட்டதிலிருந்து உங்கள் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்தத் தொழிற்சாலைகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். தொழிற்பயிற்சிக்கு வருபவர்களில் இருவரோ மூவரோ ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு அருகில் அமர்கிறார்கள். அணி, பாயிண்டர், இணைப்புப் பட்டியல் எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரிகின்றன. ஆனால் நினைவகப் பிழையால் ஒரு நிரல் கிராஷ் ஆகும்போது அதன் காரணத்தை எங்கே தேடுவது என்பது மட்டும் தெரிவதில்லை. அதைக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வந்த மாணவர் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஒன்றின் விளையாட்டுப் போட்டிக்காகப் பெயரட்டை அச்சிடும் சிறு நிரலை ஓய்வு நேரத்தில் எழுதினார். எத்தனை பெயர்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மெலாக் (நினைவகத்தில் இடம் ஒதுக்கும் செயற்கூறு) மூலம் 40 பைட் ஒதுக்கி, பிறகு பெயர்களை அவற்றில் படியெடுத்து, அச்சிட்டு, இறுதியில் இடத்தை விடுவிக்கும் நிரல் அது. ரோமன் எழுத்துப் பெயர்களோடு சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. தமிழ்ப் பட்டியலைக் கொடுத்ததும், எல்லா அட்டைகளையும் சரியாக அச்சிட்ட பின், விடுவிக்கும் கட்டத்தில் 'மாலா' என்ற பெயரில் வந்து நின்றது. பிழை தேடும் கருவியான ஜிடிபியில் பார்த்தபோது, இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ என்ற வரியை அது காட்டியது. மாணவர் அந்த வரியை நீக்கிவிட்டார். நிரல் ஓடியது. "சரிசெய்துவிட்டேன், அண்ணா" என்று மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்.

மாலாவிடம் ஒரு குற்றமும் இல்லை. பட்டியலில் அவருக்கு முன்னால் இருந்த பெயர் 'முத்துக்குமார்'. கண்ணால் எண்ணினால் ஏழு எழுத்துகள். 40 பைட்டில் தாராளமாக அடங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அந்த ஏழு எழுத்துகளும் 14 குறியீடுகளாகின்றன. குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகவே மொத்தம் 42. சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழியத்தையும் சேர்த்தால் 43. ஆகக் கடைசி 'ர்' எழுத்தின் புள்ளியில் இரண்டு பைட்டும் அந்தச் சுழியமும், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்த வீட்டில் போய் விழுந்தன.

அந்த அடுத்த வீட்டு வாசலில் என்ன இருக்கிறது என்பதை மாணவருக்கு யாரும் காட்டியதில்லை. 64 பிட் லினக்ஸில் 40 பைட் கேட்டால், அந்த 40 பைட் முடிந்த இடத்திலேயே, அடுத்த துண்டின் அளவை நினைவக ஒதுக்கி (மெலாக், ஃப்ரீ இரண்டையும் நடத்தும் பகுதி) தன் கணக்குக்காக எழுதி வைத்திருக்கிறது. நம் புள்ளி அழித்தது அந்தக் கணக்கைத்தான். அழித்த நொடியில் எதுவும் நடப்பதில்லை; பெயர்கூடப் பிழையின்றி அச்சாகிறது. பிறகு மாலாவின் இடத்தை விடுவிக்க வந்த ஒதுக்கி, அங்கே பொருளற்ற ஓர் எண்ணைக் கண்டு நிரலை நிறுத்துகிறது. விடுவிக்கும் வரியை நீக்கினால் கணக்கைப் பார்ப்பவர் இல்லாமல் போகிறார், கணக்கு சீராகிவிடுவதில்லை. அதோடு, விடுவிக்கப்படாத நினைவகம் தேங்கத் தொடங்குகிறது. ஓராண்டு இடைவிடாமல் ஓட வேண்டிய ஒரு கருவியில் இதன் விளைவை நினைத்துப் பாருங்கள்.

அவரை நான் குறை சொல்லவில்லை. வகுப்பில் வெளியீடு சரியாக இருந்தால் மதிப்பெண் கிடைக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் அவர் நடந்துகொண்டார். இன்னொருவர் நடுவில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்ததும் கிராஷ் மறைந்துவிட, அதையே தீர்வாக ஒப்படைத்தார். புதிய வரியால் நினைவகத்தில் பொருள்கள் அமரும் இடம் மாறி, வழிந்தது வேறெங்கோ போய் விழுந்திருக்கும். மூன்று வாரம் கழித்து அது வேறொரு வரியில் திரும்பி வந்தபோது, தேட வேண்டிய இடம் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது.

இது தொடக்கநிலை மாணவர்களோடு நிற்கும் பிழையும் அன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் கோலாலம்பூர் விமான நிலையத்திலும் ஏர் ஏசியா பயணிகள் கையால் பதிவு செய்யப்படுவதற்காக நீண்ட வரிசையில் நின்றார்கள். அந்த மென்பொருளுக்குத் தரப்பட்ட மதிப்புகள் 20. அது படிக்க முயன்றது 21-ஆவதை. இல்லாத ஒன்றைப் படிக்கப்போய் எல்லைக்கு வெளியே கால் வைத்தது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னது. ரஸ்ட் போன்ற மொழிகள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் உங்கள் மாணவர்கள் நாளை வந்து கையில் எடுக்கப்போகும் நிரல்களில் பெரும்பகுதி சி மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்டவை.

பரிசோதிக்கும் கருவிகளோ இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் பொறியாளர்கள் உருவாக்கி 2012-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட, நினைவக எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், இன்று ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு தொகுப்பிகளிலும் கூடவே வருகிறது. தொகுக்கும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். நிரலின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும், அவ்வளவுதான். மாணவரின் பழைய நிரலை, நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்து, அதில் ஓட்டிக் காட்டினேன். மாலாவரை போகவே இல்லை. முத்துக்குமாரைப் படியெடுக்கும் வரியிலேயே நின்று, 40 பைட் பகுதியில் 43 பைட் எழுதப்பட்டதையும் அந்த 40 எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்பதையும் சொன்னது. மாணவர் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் எழுத்தை எண்ணினேன், அது பைட்டை எண்ணுகிறது" என்றார். மறுபடி தொகுக்க முடியாத நிரலுக்கு வால்கிரின்ட் என்ற பரிசோதனைக் கருவி இருக்கிறது. பத்து முதல் முப்பது மடங்கு மெதுவாக ஓடினாலும், தொடக்க மதிப்பு தரப்படாமல் பயன்படுத்தப்படும் மாறிகளையும் அது காட்டிக்கொடுக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மெலாக் கற்பிக்கும் முதல் நாளிலேயே அட்ரஸ் சானிடைசரை இயக்கி வைத்துத் தொகுக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஒரு பருவத்தில் ஓர் ஆய்வக வகுப்பிலாவது, பிழையுள்ள நிரலைக் கொடுத்து, எந்த வரியில் நின்றது, எந்த வரியில் பிழை நடந்தது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்துக்கு, ஓடும் நிரலுக்குத் தரும் அதே மதிப்பெண்ணைத் தாருங்கள். பாடத்திட்டத்தில் நேரம் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் மூன்றாவது வரிசையாக்க முறைக்கு ஒதுக்கும் வாரத்தை இதற்கு மாற்றிக் கொடுத்தால் மாணவருக்கு நட்டமில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பெயரட்டை நிரலை, மாணவரின் ஒப்புதலோடு, பிழை இருந்த நிலையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் உங்களில் யார் அழைத்தாலும், பெயர்ப் பட்டியலோடு உங்கள் ஆய்வகத்துக்கு வந்து மாணவர்களோடு உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் மென்பொருள் பொறியாளன்,
பினாங்கு