கடற்காற்றுக்கு ஒரு பத்து அடி

கல்முனை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிந்து பெரிய நிம்மதி. இங்கே மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது.

எங்கள் கடைக்கு எதிரே இருந்த ஓட்டுக்கடை போய் நாலு மாடி எழும்பிவிட்டது. எங்கள் பக்கம் ஏற்கெனவே மூன்று மாடி. கடல் எங்கள் முதுகுப்பக்கம். பின்னேரக் கடற்காற்றில் பஸ் புகையெல்லாம் எதிர்ப்பக்கம்தானே போகவேண்டும்? போகவில்லை. வாசலில் சந்தனக்குச்சி கொளுத்தும்போதுதான் கவனித்தேன். மொட்டைமாடிக் கொடியில் காயும் சாரம் மேற்கே பறக்கிறது. கீழே புகை கிழக்கே வளைந்து கடைக்குள் வருகிறது.

தேடி வாசித்தேன். கட்டட உயரமும் வீதி அகலமும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டால், கூரைக்கு மேலால் போகும் காற்று வீதிக்குள் முழுதாக இறங்காது. கொஞ்சம் எதிர்ச் சுவரில் மோதி இறங்கி, தரையோடு திரும்பி வந்து, எங்கள் சுவரோடு மேலே ஏறிச் சுழல்கிறது. வரும் வழியில் வாகனப் புகையை அள்ளிக்கொண்டு வருகிறது. காற்று வரும் பக்கத்துக் கடைக்குத்தான் புகை அதிகம். காலையில் கச்சான் அடிக்கும்போது அந்தப் பங்கு எதிர்க்கடைக்கு.

உயரத்தை மட்டும் குறை சொல்லமுடியாது. தனியே உயர்ந்து நிற்கும் கட்டடம் மேல்காற்றைப் பிடித்துக் கீழே தள்ளும், அடியில் புகை கலையும். இடைவெளி விடாமல் தோளோடு தோள் நிற்கும் வரிசைதான் மோசம். ஹொங்கொங்கில் அப்படிச் சுவர்போலக் கட்டி, 2003 சார்ஸ் நோய்க்குப் பிறகு விழித்து, 2006இல்தான் அரசின் பெரிய கட்டுமானங்களுக்குக் காற்றோட்டத்தைக் கணித்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் உனக்கே தெரியும்: காலி வீதியில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை வாயில் நின்றால் முகத்தில் காற்றுப் படும். நாலு கடை தள்ளிப்போனால் அது நின்றுவிடும்.

இவ்வளவும் எழுதுவது உன் காணிக்காகத்தான். இரண்டு பக்கமும் மதில்வரை நிரப்பிக் கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்த வெறுங்காணி வழியாகத்தான் இப்போது சந்திக்குக் கடற்காற்று வருகிறது. பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் ஒதுங்குகிறார்கள். தெற்குப் பக்கம் பத்து அடியாவது விடு மச்சான். வாடகை குறையும், தெரிந்துதான் கேட்கிறேன். வேண்டுமானால் மேலே ஒரு மாடி கூட்டிக்கொள்.

பிளான் கீறுபவர் வரும் நாளைச் சொல். நானும் காணிக்கு வந்து, ஒரு சந்தனக்குச்சி கொளுத்தி அவருக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்