என் பயத்தைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவுக்கும், மேலத்தெருப் பெரியம்மாவுக்கும் வணக்கம்.

சென்ற பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கொண்டுவந்த தாளில் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியவன் நான். அந்த வாரம் ஊரில் பலர் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைக் கேட்டு மிரண்டிருந்தார்கள். என் பயம் அதற்கெல்லாம் மூத்தது. மகளுக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட பிறகு காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. இரண்டு நிமிடங்கள்தான். ஆனால் கண்கள் மேலே செருகிக் கிடந்த அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அப்படி வரக்கூடும் என்று ஊசி போட்ட இடத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் மகனுக்கு ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போட்டேன். பதினான்கு மாதம் வரை தள்ளிப்போட்டேன்.

தலைமையாசிரியை அம்மா, நீங்கள் என் கையெழுத்தை மதித்தீர்கள். “போட வேண்டாம் என்பது உங்கள் முடிவு. காரணத்தை மட்டும் டாக்டரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள்” என்றீர்கள். மிரட்டியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

டாக்டரம்மா, வந்ததும் நான் 2008-ஐத்தான் எடுத்தேன். அந்த ஆண்டு ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நீங்கள் அதை மறுக்கவில்லை. அதன் பிறகுதான் டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்திலேயே ஊசி போட வேண்டும் என்று அரசு முறையை மாற்றியது என்றீர்கள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினீர்கள். காய்ச்சலோடு வரும் வலிப்பு, இந்த ஊசியால் மூவாயிரம், நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரலாம். அக்காவுக்கு வந்திருப்பதால் தம்பிக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் அது பின்விளைவு எதையும் விட்டுச்செல்வதில்லை. கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று. அரைமணி நேரம் உட்காரவைப்பதும் அட்ரினலின் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் அதற்காகத்தான். தட்டம்மையே வந்துவிட்டால், இருபது குழந்தைகளில் ஒன்றுக்கு நிமோனியா, ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளைக்காய்ச்சல்.

“நோய் வந்தால்தானே?” என்று கேட்டேன். நோயாளி எழுந்து போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். தடுப்பாற்றல் இல்லாதவர்கள் பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும் என்றீர்கள். மகளுக்குத்தான் ஏற்கெனவே இரண்டு முறை போட்டாயிற்றே என்றதற்கும் பதில் இருந்தது. அவற்றில் ரூபெல்லா இல்லை. கருவுற்ற முதல் மாதங்களில் ஒரு பெண்ணுக்கு ரூபெல்லா வந்தால், வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

கணக்கு புரிந்தது. இருந்தும் மனம் அசையவில்லை. வலிப்பை நான் கண்ணால் பார்த்தவன்; தட்டம்மையைப் பார்த்ததே இல்லை. அதை எனக்குக் காட்டியவர் நீங்கள்தான், பெரியம்மா. நாற்பது ஆண்டுகளாக நீங்கள் யாரிடமும் வாய்திறக்காத உங்கள் மூத்த பிள்ளையின் கதையை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னீர்கள். மணல்வாரி போட்டது, வேப்பிலை கட்டியது, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது, வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. “அப்போது இந்த ஊசி நம் ஊருக்கு வரவில்லையடா, தம்பி” என்றீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்தத் துக்கத்தை எனக்காக மறுபடியும் தொட்டீர்கள்.

செவிலியர் அக்கா, மூன்று முறை எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். ஊசி போட்ட அன்று, கேட்காமலேயே மருந்துக் குப்பியைக் காட்டினீர்கள். குப்பியின் மேல் உள்ள வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் அந்த வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். கலக்கிய மருந்தை நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. அதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொன்னீர்கள்: “இந்த ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரம் கழித்து வரலாம். வந்தால் பயப்படாமல் என்னைக் கூப்பிடுங்கள்.”

எட்டாம் நாள் இரவு மகனுக்கு உடம்பு கொதித்தது. சொல்லியிருக்காவிட்டால் நான் என்ன நினைத்திருப்பேன், யாரிடமெல்லாம் என்ன சொல்லியிருப்பேன் என்று எண்ணவே நடுக்கமாக இருக்கிறது. பதினொரு மணிக்கு அழைத்தேன், எடுத்தீர்கள். எடைக்கேற்ற மருந்தின் அளவைச் சொன்னீர்கள். ஈரத்துணியால் துடைத்தபடி நானும் மனைவியும் விழித்திருந்தோம். வலிப்பு வரவில்லை. மறுநாள் மாலை தவழ்ந்துபோய்க் கோழியைத் துரத்தினான்.

கிழக்குத் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் மறுக்கின்றன என்று சொன்னீர்கள். வரும் புதன்கிழமை அங்கே போகும்போது என்னையும் அழைத்துச் செல்லுங்கள். எட்டாம் நாள் காய்ச்சலைப் பற்றி அவர்களிடம் நானே சொல்கிறேன்.

நன்றியுடன்,
இரண்டு குழந்தைகளின் தகப்பன்
மார்ச் 2017