நல்ல அதிகாரி வந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சிறைச் சீர்திருத்தக் கட்டுரையில், ‘மனிதநேயமுள்ள ஓர் அதிகாரி பொறுப்பேற்றால் போதும், சிறை தானாகத் திருந்திவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். மதில்களுக்குள் வேலை பார்க்கும் அத்தனை பேரையும் அந்த ஒரு வரி இல்லாமல் செய்துவிட்டது.

1993 முதல் 1995 வரை டெல்லி திகார் சிறையில் காவல்துறை அதிகாரி கிரண் பேடி செய்தவை பெரிய காரியங்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காவல்துறையிலிருந்து சிறைத்துறைத் தலைமைக்கு வருகிறவர் துறையைப் புரிந்துகொள்வதற்குள் மாறுதல் உத்தரவும் வந்துவிடுகிறது. சிறைகளுக்கென்றே தனியாக ஓர் அகில இந்தியப் பணி வேண்டும் என்று சிறைச் சீர்திருத்தத்துக்கான நீதிபதி முல்லா குழு 1983-இலேயே பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. தங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல இது. தெரிந்தும் எழுதவில்லை என்பதுதான் வேதனை.

ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. இரவுப் பணி, வார ஓய்வு, விடுப்பு என்று கழித்துக்கொண்டே வந்தால் பகலில் ஒரு பிளாக்குக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? காலையில் திறக்கும்போதும் மாலையில் லாக்கப் செய்யும்போதும் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இதற்கே ஆள் பற்றாத நாளில் முதலில் பூட்டப்படுவது தொழிற்கூடம்தான்; அங்கே ஆளையும் எண்ண வேண்டும், கருவிகளையும் எண்ண வேண்டும். அதிகாரியின் மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பூட்டு திறக்காது.

2022 டிசம்பர் கணக்கில் நாடு முழுவதும் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள். நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். இவர்களில் ஒருவரைக்கூடச் சிறைக் கண்காணிப்பாளர் தாமாக வெளியே விட முடியாது. அவரால் முடிந்தது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு மனு அனுப்புவது. அதையும் தங்கள் கட்டுரை தவறாகச் சொல்கிறது. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தால்தான் ஜாமீன் என்பது எல்லோருக்குமான கணக்கு அல்ல. இதற்கு முன் தண்டனையே பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே அவரை விடுவிக்க வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது.

சட்டம் எழுதுவது சுலபம். சிறையின் கையில் இருப்பது ரிமாண்ட் வாரண்டில், அதாவது காவலில் வைக்கச் சொல்லும் நீதிமன்ற உத்தரவில், உள்ள குற்ற எண்ணும் பிரிவுகளும்தான். குற்றப்பத்திரிகையில் பிரிவு மாறினால் அந்தத் தகவல் சிறைக்கு வந்து சேர்வதில்லை. நாள் கணக்கு தவறி மனு தள்ளுபடியாகிறது. முன்தண்டனை உண்டா என்று காவல் நிலையத்துக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். வாராவாரம் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் தேதி பார்க்கும் எழுத்தர் ஒருவர் இருந்தால் நெரிசல் குறையும். சீர்திருத்தம் அங்கே நடக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே போகாதவரைப் பற்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. கைதியைப் பார்க்க வந்து வாசலில் நிற்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உள்ளே ஒரு செல்போன் கிடைத்தால் ‘சிறையில் சொகுசு’ என்று தலைப்பிட்டு எல்லாக் காவலரையும் லஞ்சக்காரராக்குகிறீர்கள். தண்டனைக் கைதிக்கு விடுப்பு கிடைத்தால் ‘சலுகை’ என்கிறீர்கள். பேட்டியும் படமும் எப்போதும் மேலதிகாரிக்குத்தான். ஓர் இரண்டாம் நிலைக் காவலரின் பேச்சு தங்கள் பக்கங்களில் ஒருமுறையாவது வந்திருக்கிறதா?

அடுத்த இதழில் 479-ஆம் பிரிவு பற்றிய திருத்தத்தைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தின் மற்றப் பகுதிகளை வெட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறை அலுவலர்