பை நிறைய மிச்ச நூல்

குன்னூர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் பக்கத்து வீட்டுப் பாட்டி, இத்தனை பின்னல் நூலையும் தூக்கி உன் கையில் கொடுத்திருக்கிறார் என்றால் உன்மேல் அவருக்கு நல்ல பிரியம்தான். “ஸ்வெட்டர் பின்ன ஆசை, ஆனா எல்லாமே ஒண்ணொண்ணு ஒரு தினுசு, எதுவும் எதோடும் சேராது, என்னம்மா பண்றது” என்று கேட்டிருக்கிறாய். சேரும். நிறத்தைப் பற்றிக் கவலையே படாதே. நூல் எவ்வளவு தடிமன், துவைத்தால் என்ன ஆகும், இந்த இரண்டை மட்டும் பார். இவை ஒத்துப்போனால் மயில் நீலத்துக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் தாராளமாக வந்து உட்காரலாம்.

முதலில் அந்தப் பையை அப்படியே அலமாரிக்குள் வைத்துவிடாதே. எத்தனை வருஷம் எங்கே கிடந்த நூலோ. உள்ளே ஒரு அந்துப்பூச்சி இருந்தாலும் உன் கோட்டு, ஸ்கார்ஃப் எல்லாம் ஓட்டையாகிவிடும். இங்கே என்றால் அந்துருண்டை போடச் சொல்வேன். அந்த நாற்றத்தோடு உன் ஒற்றை அறையில் படுக்க முடியாது. பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வை. இடம் இல்லை என்று சொல்லாதே, அந்த உறைந்த பட்டாணியைச் சமைத்துத் தீர்.

அப்புறம் தரம் பிரிக்க வேண்டும். லேபிள் போன நூலைத் தொட்டுப் பார்த்து மட்டும் கம்பளியா, அக்ரிலிக் என்கிற செயற்கை நூலா என்று சொல்லிவிட முடியாது; இப்போதெல்லாம் அக்ரிலிக்கை அவ்வளவு மெத்தென்று செய்கிறார்கள். நெருப்பிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு அங்குலம் வெட்டி, புருவம் திருத்தும் இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டு. கம்பளி சட்டென்று பற்றாது. சுருண்டு பொசுங்கி, முடி கருகிய வாசம் வரும். தீயை எடுத்ததும் தானாக அணையும். மிஞ்சிய கரியை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரிந்து நுனியில் கெட்டி மணியாக நிற்கும். அது ஆறும் முன்னால் விரலில் பட்டால் தோல் போய்விடும், ஜாக்கிரதை. பருத்தி, காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய். புகை அலாரம் அடித்து மாடி முழுக்கத் தெருவில் வந்து நின்றால், அம்மா சொன்னாள் என்று சொல்லாதே.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கம்பளி இழையின்மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகி, துணி சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் தொய்ந்துபோய்த் திரும்ப எழுந்திருக்காது. ஒரே ஸ்வெட்டரில் இரண்டும் பட்டை பட்டையாக இருந்து, அதைத் தெரியாமல் மெஷினில் போட்டுவிட்டால், கம்பளிப் பட்டை உள்ளே இழுக்கும், அக்ரிலிக் பட்டை பிதுங்கி நிற்கும். அதனால் இரண்டையும் தனித்தனிக் குவியலாக வை. சூப்பர்வாஷ் என்று லேபிள் உள்ள கம்பளியை அக்ரிலிக் பக்கம் தள்ளு. சுருங்காதபடி பதம் செய்யப்பட்ட நூல் அது.

சாதாரணக் கம்பளியில் ஒரு லாபம் உண்டு, ஒரு நூல் தீர்ந்து அடுத்ததைச் சேர்க்க முடிச்சே வேண்டாம். இரண்டு நுனியையும் விரலால் கொஞ்சம் பிரித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அங்குலம் படிய வை. ஈரமாக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சூடு பறக்கத் தேய். ஒட்டி ஒரே நூலாகிவிடும். எச்சில் தொட்டுச் செய்கிறவர்கள்தான் அதிகம். நீ தண்ணீரையே தொட்டுக்கொள்.

அடுத்தது தடிமன். இங்கே கண் ஏமாற்றும். மோஹேர் என்கிற ஆட்டு முடி நூல் பஞ்சுபோலப் பருத்துத் தெரியும், உள்ளே பார்த்தால் ஒட்டடைக் கனத்தில் ஒரு இழைதான் ஓடும். ஒரு நூலை வளைத்து, அந்த வளைவுக்குள் இன்னொரு நூலைக் கோர்த்து, இரண்டு பக்கமும் முறுக்கு. இப்போது ஒரு பக்கம் ஒரு நூல், மறுபக்கம் மற்றது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் ஓட்டு. சேரும் இடத்தில் படி இறங்குவது தெரிந்தால் இரண்டும் வேறு தடிமன். தெரியாவிட்டால் ஜோடி சேர்க்கலாம். மெல்லிய நூல்களை இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பிடித்து இதே சோதனையைச் செய்தால் தடித்த நூலுக்கு இணை கிடைத்துவிடும். அப்படிச் சேர்த்துப் பின்னும்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடரவிட்டால் நிறம் தெரியாமல் நகரும். நீலம்-நீலம், நீலம்-பச்சை, பச்சை-பச்சை. கடையில் இந்த வேலைக்கு என்ன விலை சொல்வார்கள் தெரியுமா!

நான் கொடுத்தனுப்பிய 8ஆம் நம்பர் போனி கம்பெனி பின்னல் ஊசி 4 மி.மீ. நம் ஊர் நம்பரும் பிரிட்டிஷ்காரர்களின் பழைய நம்பரும் ஒன்றுதான், எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு தலைகீழ். அவர்கள் 8 என்றால் 5 மி.மீ. யூடியூபில் எதைப் பார்த்தாலும் மி.மீ.யை மட்டும் பார்.

ஸ்வெட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சால்வை பின்னு. சால்வைக்கு உடம்பு அளவு தேவையில்லை. 5 மி.மீ. வட்ட ஊசி வாங்கிக்கொள், இரண்டு ஊசியையும் இணைக்கும் கம்பி நீளமாக இருக்கட்டும். அகலவாக்கில் இல்லாமல் நீளவாக்கில் கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்று. 10 செ.மீ.க்கு 18 கண்ணி வருகிறது என்றால் 180 செ.மீ.க்கு 324 கண்ணி. 50 கண்ணிக்கு ஒரு அடையாள நூல் கோர்த்துக்கொள். போனில் பேசிக்கொண்டே எண்ணாதே. எல்லா வரிசையும் நிட் என்கிற நேர்க்கண்ணி மட்டும்தான், பர்ல் என்கிற எதிர்க்கண்ணியே கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் புது நூல் எடு, தொடக்கத்திலும் முடிவிலும் 15 செ.மீ. வால் விட்டுவிடு. கடைசியில் நாலைந்து வாலைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் அதுவே குஞ்சம். நுனிகளை ஊசியில் கோர்த்து உள்ளே சொருகும் வேலை மிச்சம், அதைப்போலச் சலிப்பான வேலை உலகத்தில் இல்லை. ஒரு துண்டு நூல் ஒரு வரிசைக்குப் போதுமா என்று பார்க்க, சால்வை நீளத்தைப்போல நாலு மடங்கு இருக்கிறதா என்று அளந்தால் போதும். 50 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 180 வரிசை வரும். நூல் அரைக் கிலோவுக்கு மேலேயே இழுக்கும். சமையல் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்.

நிறத்துக்கு வருகிறேன். நீ ரயிலில் போய்வந்த அந்த ஸ்காட்லாந்து ஊர் இன்வர்னஸில்தான் கேஃப் ஃபாஸெட் நிற மயக்கத்தில் மாட்டிக்கொண்டார். 1937ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த ஓவியர். 1960களில் ஸ்காட்லாந்து வந்தவர், அங்கே ஒரு மில்லில் நூல் நிறங்களைப் பார்த்துச் சொக்கிப்போய் 20 நிறம் வாங்கிவிட்டார். பின்னத் தெரியாது! லண்டன் திரும்பும் ரயிலில் கூட வந்த ஒரு பெண்மணியைப் பிடித்துக் கற்றுக்கொண்டார். 1988ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். உயிரோடு இருக்கும் ஜவுளிக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு நேர் எதிர் நம் நீலகிரி மலையில். தோடர் பழங்குடிப் பெண்கள் புத்துக்குளி என்கிற போர்வையில் போடும் எம்பிராய்டரியைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். வெளுத்த பருத்தித் துணி, சிவப்பு, கறுப்பு, அவ்வளவுதான். வரைந்துகொள்வது கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுவார்கள். நாம் அடிப்பக்கம் என்று நினைக்கிற சொரசொரப்புப் பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் அனுபவத்தில் மூன்று நிறமும் அழகு, 20 நிறமும் அழகு. நடுவில் ஐந்தாறு நிறம் வைத்துக்கொண்டு செய்வதுதான் கஷ்டம், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தும். உன் பையில் நிறைய இருக்கிறது, துணிந்து எல்லாவற்றையும் போடு.

ஒரே ஒரு நூலை மட்டும் அடிநிறமாக வைத்து, நாலைந்து வரிசைக்கு ஒருமுறை அதையே திரும்பக் கொண்டுவா. கதம்பத்தில் மரிக்கொழுந்து இடையிடையே வருவதால்தானே மற்ற பூ எல்லாம் சண்டை போடாமல் இருக்கின்றன. படத்தில் இருக்கும் அந்தக் கரும்பச்சை போதும். உருண்டைகளை வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடு. எது வெளிச்சம், எது இருட்டு என்று அப்போது தெரியும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பின்னிய பிறகும் மங்கலாகத்தான் இருக்கும்; பளிச்சென்று வெளிர் நிறம் இரண்டு சேர்.

சொரசொரப்பும் மேடுபள்ளமும் வேண்டும் என்றாயே. நூலே சுருள் சுருளாக, முடியும் பஞ்சுமாக இருந்தால் பின்னல் சாதாரணமாக இருக்கட்டும். அதில் கயிறு முறுக்கினதுபோல வரும் கேபிள் பின்னல் போட்டால் யாருக்கும் தெரியாது, கை வலிதான் மிச்சம். வழவழ நூலுக்குத்தான் மணி மணியாக வரும் மாஸ் ஸ்டிட்ச், கேபிள் எல்லாம். முடி முடியாக நீட்டிக்கொண்டு மினுங்கும் அந்த ரோஸ் நூலை மட்டும் யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

சால்வை முடிந்து கை வந்ததும் ஸ்வெட்டர். அதற்குப் பெரியவர்களுக்கு அரைக் கிலோவிலிருந்து 600 கிராம் வரை பிடிக்கும். பையில் உள்ளது போதாவிட்டால் புது நூல் வாங்காதே. உங்கள் ஊர் சேரிட்டி கடைகளில் பழைய கம்பளி ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கும் என்று நீதான் சொன்னாய். வாங்கும் முன் உள்பக்கத்தைத் திருப்பி விலாத் தையலைப் பார். துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் தொடாதே, பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரத்துக் கண்ணிகள் முழுசாக இருந்து, தைத்துச் சேர்த்திருந்தால் கடைசிவரை ஒரே நூலாக உருவலாம். உருவிய நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, அலசித் தொங்கவிடு. அடியில் கொஞ்சம் கனம் கட்டினால் சுருக்கம் போய்விடும்.

இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் ரிப் பட்டை இரண்டுக்கும் கம்பளியே போடு. பருத்திக்கு இழுவை இல்லை, ஒரு மாதத்தில் வாய் அகன்றுவிடும். அதற்கும் முன்னால் மாதிரித் துண்டு. இது இல்லாமல் கண்ணி ஏற்றினாய் என்றால் எனக்குப் போன் செய்யாதே. உன் முன்பக்கத்துக்கு 91 கண்ணி என்று வை. 10 செ.மீ.க்கு 18 வரவேண்டிய இடத்தில் 17 வந்தால் முன்பக்கம் மட்டும் 3 செ.மீ. கூடும், பின்பக்கமும் சேர்ந்து 6. ஒரே ஒரு கண்ணி வித்தியாசத்துக்கு!

அதனால் ஒவ்வொரு தினுசு நூலும் கொஞ்சம் கொஞ்சம் வருகிற மாதிரி 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பாயோ அப்படியே துவைத்து, படுக்கவைத்துக் காயவிட்டு, நடுவில் 10 செ.மீ. அளந்து எழுது. உன் மார்புச் சுற்றளவும் கை நீளமும் வேண்டும். டேப்பை இழுத்துப் பிடித்து மெலிந்த கணக்குக் காட்டாதே, குளிர் ஊருக்கு உள்ளே ஒரு சட்டை போட இடம் வேண்டும். எத்தனை கண்ணி ஏற்றுவது, கைக்குழிக்கு எங்கே குறைப்பது என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். மீதி நூலில் அப்பாவுக்கு ஒரு மஃப்ளர் வேண்டுமாம். எந்த நிறமானாலும் சரியாம், ரோஸ் மட்டும் வேண்டாமாம்.

அன்புடன்,
அம்மா