படுக்கை விரிக்க அப்பு இல்லாத இடம்

ஒஹிய,
ஆகஸ்ட் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை நான் அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. செப்டம்பரில் கூட்டாளிகள் இரண்டு பேரோடு பின்லாந்தின் வடக்கே லாப்லாந்துக் காட்டில் ஐந்து நாள் நடக்கப் போகிறாய், வழியில் கடை கண்ணி எதுவும் கிடையாது என்று சொன்னால், அன்று ராத்திரியே மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துவிடுவாள். "பிள்ளை வடக்கே டூர் போகிறாள்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

போகாதே என்று நான் எழுதப் போவதில்லை. சொன்னால் கேட்கிற ஆளா நீ? ஆனால் "எங்கே தங்குவாய்" என்று கேட்டதற்கு, "அங்கங்கே குடில் இருக்கு அப்பா, ஃப்ரீ" என்று சிரித்தாயே, அது இரண்டு நாளாக மனதில் கிடந்து குடைகிறது. தங்குகிற விஷயத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் தெரியும். முப்பத்தொரு வருஷம் பங்களாவில் சமையலும் உபசரிப்பும் பார்க்கிற அப்புவாக இருந்தவன் நான். தொரைமார் காலத்தில் ஆரம்பித்து, தோட்டத்து பங்களாவை டூரிஸ்ட்டுக்கு விட்ட காலம் வரைக்கும் எத்தனை பேருக்குப் படுக்கை விரித்திருப்பேன்! அந்தக் கட்டிலில் ஒரு நாளாவது படுத்தேனா என்று கேட்காதே. அது வேறு கதை.

பின்லாந்திலிருந்து வந்த கிழவர் ஒருவரை உனக்கு ஞாபகம் இருக்குமா? நீ ஓ லெவல் எழுதின வருஷம். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக வந்தவர், ஐந்து நாள் விடாத மழையில் பங்களாவிலேயே மாட்டிக்கொண்டார். மற்ற வெள்ளைக்காரர்கள் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவர் குசினிக்கு வந்து, என் அரிவாளை வாங்கி, விறகு சிராய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் அந்த ஐந்து நாளும் பேசினோம். அவருடைய ஊர்க் காட்டில் இருக்கிற குடில்களைப் பற்றி அவர் படம் போட்டுக் காட்டிய தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நீ அனுப்பிய விவரங்களையும் தம்பியின் போனில் மொழிபெயர்த்து வாசித்தேன். கிழவர் சொன்னதுதான் அதிலும் இருக்கிறது.

குடில் என்றால் எல்லாம் ஒரே குடில் இல்லை, பாப்பா. முதலில் இதைப் பிரித்துப் பார். அவுத்தியோதுபா என்பது ஆளில்லாத திறந்த குடில். பூட்டு கிடையாது, காசு கிடையாது, முன்பதிவும் கிடையாது. நடந்தோ பனிச்சறுக்கிலோ வருகிறவர் ஒரு இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு தங்கலாம். வரவுஸ்துபா என்பது முன்கூட்டியே காசு கட்டிச் சாவி வாங்குகிற குடில். பெயரிலேயே "வரவு" இருக்கிறது, அதனால் உனக்கு மறக்காது. மூன்றாவது பைவதுபா, பகலில் ஒதுங்க மட்டும். உள்ளே அடுப்பும் பெஞ்சும் இருப்பதைப் பார்த்து, "இங்கேயே படுத்துவிடலாம்" என்று தோன்றும். ஆபத்து அவசரம் தவிர அங்கே இரவு தங்கக்கூடாது. நீ சொன்ன வழியில் ரவுதுலம்பியில் இருப்பது இந்தப் பகல் குடில்தான். அதை நம்பி அன்றைய நடையை முடித்துவிடாதே. சுவோமுன்ருவோக்துவில் திறந்ததும் இருக்கிறது, காசுக் குடிலும் இருக்கிறது. மூன்று பேருக்கும் காசுக் குடிலில் இடம் கிடைத்தால் முதல் இரவுக்கு அதையே எடு. முதல் நாள்தான் தோள்பட்டை இற்றுப்போகும், கால் கொப்புளிக்கும். அன்றைக்காவது உன் பெயரில் ஒரு பலகை இருக்கட்டும்.

செப்டம்பர் என்பதால் இன்னும் வலியுறுத்திச் சொல்கிறேன். இலை சிவக்கிற அந்த இரண்டு மூன்று வாரத்தை ருஸ்கா என்கிறார்கள். அந்த நாட்டு ஆட்களே தெற்கிலிருந்து கூட்டமாக வருவார்களாம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு ரூம் தேடிப் போனவர்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிற கதைதான். காட்டோரத்து ஊரான சாரிசெல்காவில் நடைக்கு முந்தின இரவும், திரும்பி வருகிற இரவும் தங்கும் இடத்தை இந்த வாரமே பதிந்துவிடு. காட்டுக்குள் இருக்கிற இரவுகளைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். காட்டை விட்டு ஈரத்தோடு வெளியே வருகிற ராத்திரியை மறந்துவிடுவார்கள். எங்கள் பங்களாவில் முன்னறிவிப்பு இல்லாமல் கதவைத் தட்டினவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

இடத்தின் அளவு உனக்குப் புரிகிறதா என்று எனக்குச் சந்தேகம். நீ நடக்கப் போகிற ஊர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்கா 2,550 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்து நுவரெலியா மாவட்டம் முழுவதும் சேர்த்தே 1,741தான். அந்த மாவட்டத்தைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும். இங்கே வழி தவறினால் ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு தோட்டத்து லயத்து நாய் குரைக்கும், இல்லையென்றால் ரயில் கோச்சிச் சத்தம் கேட்கும். அங்கே பல இடத்தில் போனுக்கே சிக்னல் இல்லை.

இப்போது கிழவர் சொன்னதில் என் மனதில் தைத்த விஷயத்துக்கு வருகிறேன். திறந்த குடிலில் இடம் நிறைந்துவிட்டால் யாருக்கு உரிமை தெரியுமா? கடைசியாக வருகிறவருக்கு! முதலில் வந்து, துணி காயப்போட்டு, சூப் குடித்துச் சாய்ந்திருப்பவர்தான் எழுந்து இடம் விட வேண்டும். ஏனென்றால் அவர் காய்ந்துவிட்டார், சாப்பிட்டுவிட்டார், இளைப்பாறிவிட்டார். இப்போது கதவைத் திறந்து நிற்கிறவர்தான் நனைந்து நடுங்குகிறார். அவர் இதைச் சொன்னபோது நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னேன். பங்களாச் சட்டம் நேர் எதிர். முதலில் வந்தவருக்கு மலை தெரிகிற அறை, கடைசியில் வந்தவருக்குக் குசினிப் பக்கம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது புதிதில்லை. உன் அண்ணன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, நானும் அம்மாவும் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறோம். மண்சரிவு என்று கோச்சியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மழை, மிஸ்ட், எதிரே கை தெரியாது. ரோட்டோரத்தில் ஒரு தங்குமிடத்தில் வெளிச்சம் பார்த்துத் தட்டினேன். வாசலில் நின்றவர் எங்கள் செருப்பைப் பார்த்தார், "ரூம் இல்லை" என்றார். மூன்று ஜன்னல் இருட்டாக இருந்தது எனக்குத் தெரியாமலா? அப்புறம் கீழே இறங்கி ஒரு லயத்துக்குப் போனோம். பேர் ஊர் தெரியாதவர்கள். ஒரே காம்பரா, உள்ளே ஆறு பேர். அந்த வீட்டு மனிதரும் அவர் பையன்கள் இருவரும் கம்பிளியை எடுத்துக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய்ப் படுத்தார்கள். அடுப்புப் பக்கம் அம்மாவுக்குப் பாய் போட்டார்கள். விடிந்ததும் ரொட்டியும் கட்டச்சம்பலும். நான் நீட்டிய காசை வாங்கவில்லை.

2023இல், நம் சனம் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, உன் சித்தப்பாவும் அதில் கொஞ்ச தூரம் நடந்தார். நம் பாட்டன் பூட்டன் அந்த வழியாகத்தான் காடு மிதித்து வந்தார்கள். ஒதுங்க நல்ல கொட்டில்கூட இல்லாமல் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். சித்தப்பா திரும்பி வந்து கால் வலியைப் பற்றிச் சொல்லவில்லை, ராத்திரி பாய் கொடுத்தவர்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் நீ செய்ய வேண்டியது: குடிலில் இடம் கிடைத்தாலும் கூடாரத்தைச் சுமந்துகொண்டே போ. பாரம் என்று அதை விட்டுவிட்டுப் போனால், பத்து மணிக்கு ஒரு கிழவன் நனைந்து வந்து நிற்கும்போது உன்னால் எழுந்து போகவும் முடியாது, படுத்திருக்கவும் முடியாது. கூடாரம் அடிப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. அந்த நாட்டில் பிறத்தியார் காணியில்கூட வீட்டுக்குத் தள்ளி ஒரு இரவு கேட்காமலே கூடாரம் அடிக்கலாமாம், எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் நெருப்பு மூட்டக் காணிக்காரரின் அனுமதி வேண்டும். பூங்காவுக்குள்ளே எல்லா இடத்திலும் அடிக்க முடியாது. ரோட்டுக்குக் கிட்டே இருக்கிற பகுதியில் குறித்த இடம் மட்டும்தான், தூரத்துக் காட்டில்தான் சுதந்திரம். வரைபடத்தில் எல்லைக்கோடு இருக்கும், பார்த்துக்கொள். காட்டுத்தீ எச்சரிக்கை போட்டிருந்தால் வெளியே தீக்குச்சிகூடக் கிழிக்காதே. பனிமான் மேய்க்கிற, சாமி என்கிற பூர்வகுடி மக்களின் கொட்டில்களும் வேலிகளும் காட்டில் கண்ணில் படும். அது அவர்கள் பிழைப்பு. திறந்து கிடந்தாலும் நமக்கு இல்லை.

அந்தக் குடிலில் அப்பு கிடையாது, பாப்பா. கிளம்புகிறவர்தான் அடுத்து வருகிறவருக்கு அப்பு. உனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கக்கூடாது என்றுதான் உன்னை குசினிப் பக்கமே விடாமல் படிக்க வைத்தேன். இப்போது நானே எழுதிக் கற்றுத்தருகிறேன், பார்! விறகுக் கொட்டிலில் கோடரியும் ரம்பமும் இருக்கும். கொட்டிலுக்குள்ளேயே பிளக்க வேண்டும், பனியிலும் மழையிலும் போட்டுவிட்டு வரக்கூடாது. கிளம்பும் முன், அடுப்புப் பக்கத்தில் காய்ந்த விறகும் ஒரு கைப்பிடி சிராயும் வைத்துவிட்டு வா. விரல் விறைத்து வருகிறவனுக்குக் கோடரி பிடிக்க வராது, தீக்குச்சி கிழிக்கத்தான் தெம்பு இருக்கும். தரையைக் கூட்டு. குப்பையைத் திரும்பச் சுமந்து வா. மிச்சச் சோற்றை "யாராவது சாப்பிடட்டும்" என்று தர்ம சிந்தனையில் விட்டு வராதே, எலிதான் சாப்பிடும். பச்சை மரத்தை மட்டுமில்லை, பட்ட மரத்தையும் வெட்டாதே. மெத்தை இருக்காது, பலகை மேடைதான். தூங்குபையும் அடியில் விரிக்கிற பாயும் உன்னுடையதாக இருக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில் பயந்துதான் எழுதுகிறேன். புகைக்குழாயை மூடுகிற தகடு ஒன்று இருக்கும். சூடு வெளியே போகக்கூடாது என்று கங்கு இருக்கும்போதே அதை மூடிவிடாதே. எங்கள் பங்களாவில் ஒரு ஜனவரியில், காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற குளிர். வேன் ஓட்டி வந்த பையன் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து, ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் கூப்பிட்டால் பதில் இல்லை. கதவை உடைத்து இழுத்துப் போட்டோம். வாந்தி எடுத்து எடுத்துப் பிழைத்தான். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. நீ நர்ஸ் வேலை பார்க்கிறவள், உனக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் குளிரில் சோம்பல் வரும்.

மழைக்குப் பிறகு ஆறு ஏறியிருந்தால் கடக்காதே. அக்கரையில் குடில் தெரிகிறது என்பதற்காக இறங்காதே. உணவு ஒரு நாளுக்கு அதிகமாக வைத்துக்கொள், ஆறு வடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். செப்டம்பரிலேயே மலை மேல் பனி விழலாமாம். லுயிரோயார்வி ஏரிக்கரையில் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை இருக்கிறது என்று குதித்தாயே, போ, ஆனால் அதற்காக ஒரே நாளில் இரண்டு நாள் நடையை நடக்காதே. சொகொஸ்தி மலை 718 மீட்டர்தானே என்று உன் அண்ணன் சிரிக்கிறான். ஒஹிய ஸ்டேஷனே 1,700 மீட்டருக்கு மேலே என்று கணக்குச் சொல்கிறான். அவனுக்குக் காற்று தெரியாது.

எந்தத் தேதி எந்தக் குடில், இடம் இல்லையென்றால் எங்கே கூடாரம், எந்த நாள் எத்தனை மணிக்குள் வெளியே வந்து போன் எடுப்பாய் என்று ஒரு தாளில் எழுதி, ஔலுவில் உன்னோடு வேலை செய்கிற ஒருவரிடம் கொடு. அதன் படத்தை எனக்கும் அனுப்பு. சொன்ன நேரத்துக்கு நீ எடுக்காவிட்டால் 112க்கு அடிக்க வேண்டியது அங்கே இருக்கிறவர்தான். இங்கேயிருந்து நான் யாருக்கு அடிப்பேன்? மனம் மாறி வேறு வழி போனாலும் குடிலில் இருக்கிற ஏட்டில் எழுது. வந்த நாள், கிளம்பிய நாள், அடுத்துப் போகிற இடம். தேடி வருகிறவர்கள் முதலில் அதைத்தான் புரட்டுவார்களாம். இந்தத் தடவை அவர்களுக்குப் புரிகிற எழுத்தில் எழுதிவிட்டு, கீழே தமிழிலும் பெயரைப் போடு. கிழவர் எங்கள் பங்களா ஏட்டில் பின்னிஷில் நாலு வரி எழுதிவிட்டுப் போனார். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன்.

தம்பி புதன்கிழமை பண்டாரவளைக்குப் போகிறான். மாசிச் சம்பலும் அரைக்கிலோ தேயிலைத் தூளும் பார்சல் போடச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பருக்குள் வந்து சேர்ந்தால் எடுத்துக்கொண்டு போ. பழைய கம்பிளியையும் வைக்கச் சொல்கிறாள் அம்மா. டூருக்கு எதற்குக் கம்பிளி என்று கேட்டேன். "அந்த மனிதர் போட்ட படத்தை நானும்தானே பார்த்தேன்" என்றாள்.

அன்புடன்,
அப்பா