இரவு பத்து மணிக்குப் பிறகு பெண்களின் பகிடிக்கு நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயதுவந்தோருக்கான நகைச்சுவையைப் பெண்களே எழுதி நடித்து வானொலியில் தருவது பண்பாட்டுக்கு ஒவ்வாது என்கிறார்கள். சாமத்தியவீட்டுப் பின்வளவில் மச்சாள்மார் அடிக்கும் பகிடியையும் களைபிடுங்கும் வயலில் நடக்கும் கதையையும் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வன்னிக்கு இந்தப் பகிடி பழசு, ஒலிவாங்கிக்கு முன்னால் வருவதுதான் புதிது. கூத்தில் பெண் வேடத்தையும் பபூன் வேடத்தையும் ஆண்களே கட்டியதால், சிரிக்கவைப்பது ஆண்களின் வேலை என்று ஊர் பழகிவிட்டது.

பகிடி வேறு, தூஷணம் வேறு. தூஷணம் வானொலியில் எடுபடவும் மாட்டாது. முகம் தெரியாத இடத்தில் மிச்சத்தைக் கேட்பவரின் மனமே நிரப்பிக்கொள்கிறது. கிளினிக்கில் மருத்துவமாது குடும்பக்கட்டுப்பாடு பற்றிச் சொல்லி முடித்து, "விளங்கினதோ?" என்கிறார். ஒன்றரை விநாடி மௌனம். "எனக்கு விளங்கீற்றுது மிஸ்ஸி. அந்த மனுசனுக்கு ஆர் விளங்கப்படுத்துறது?" சிரிப்பு முழுக்க அந்த ஒன்றரை விநாடியில்தான் இருக்கிறது. ஒலித்தொகுப்பாளர் அதை வெற்றிடம் என்று வெட்டிவிட்டால் சுகாதார அறிவித்தல்தான் மிஞ்சும். அதனால் பிரதியிலேயே மௌனத்தை விநாடிக் கணக்கோடு எழுதிவைக்க வேண்டும். 'பீப்' அதைவிடக் கெடுதல். கத்தரிக்காய் என்ற சொல்லின்மேல் பீப் போட்டுப் பாருங்கள், அதுவும் கெட்ட சொல்லாகிவிடும்.

பேச்சு நின்றதும் நிலையத்துக் கருவி ஒலிமட்டத்தைத் தானாக உயர்த்தும். அப்போது மின்விசிறியின் இரைச்சல் மௌனத்துக்குள் ஏறிவிடும். ஆகவே விசிறியை நிறுத்துங்கள். மூன்று சுவரிலாவது மெத்தையோ தடித்த போர்வையோ தொங்கட்டும். ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி, வாயைச் சற்றுப் பக்கவாட்டாக வைத்துப் பேசினால் 'ப' வெடிக்காது. தகரக் கூரையென்றால் மழைநேரம் பதியவே கூடாது.

எட்டு நிமிடத்துக்கு 700 சொல் போதும். ஆயிரம் எழுதினால் நடிப்பு போய் வாசிப்பாகிவிடும். மூன்று பாத்திரத்துக்கு மேல் வேண்டாம், ஒரே சுருதியில் நான்கு பெண்குரல் வந்தால் ஆர் பேசுவதென்று பிடிபடாது. 1970களில் இலங்கை வானொலியில் போன 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகம் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நால்வரைப் பேச்சுவழக்காலேயே பிரித்துக் காட்டியது. நால்வரும் ஆண்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சும் முல்லைத்தீவுக் கரையோரப் பேச்சும் 1977 கலவரத்துக்குப் பின் இங்கு குடியேறிய மலையக மக்களின் பேச்சும் அடுத்தடுத்த வளவுகளில் கேட்கும் மண் இது. வழக்கைப் பழிக்காமல், பேசுபவரை அடையாளம் காட்ட மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

பகிடி ஆர் தலையில் விழுகிறது என்பதைப் பிரதி வாசிக்கும்போதே பார்க்க வேண்டும். கணவனை இழந்தவளின் தனிமையில் விழுந்தால் அந்த வரியைக் கிழித்துவிடுங்கள். நுண்கடன் தவணைக்கென்று பொழுதுபட்ட பிறகு அவள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியும் கேட்டுக் குந்தியிருப்பவர்மேல் விழுந்தால் இன்னும் இரண்டு வரி கூட்டலாம்.

வானொலிக்கு வாசலில் நின்று வயது பார்க்க ஆளில்லை. நேரம்தான் வேலி. அந்த வேலியை நிலையங்களே பிரிப்பதுதான் எங்கள் கவலை. நிகழ்ச்சி இரவில் போகும், அதன் சூடான துண்டொன்றை மாலை ஐந்து மணிக்கு விளம்பரமாகப் போடுவார்கள், ரியூசனால் வரும் பிள்ளை ஓட்டோவில் அதைக் கேட்கும். பிறகு பழி நடித்த பெண்களின் தலையில். விளம்பரத்தைத் தனியாக, எவரும் கேட்கக்கூடியதாகப் பதிய வேண்டும். தொடக்கத்தில் 'இது வயதுவந்தோருக்கானது' என்று பத்து விநாடி அறிவித்தல், குழையாத குரலில்.

கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கி நூறாண்டாகிறது. வாரத்தில் ஒரு நாள், இரவு பத்தேகாலுக்குப் பதினைந்து நிமிடம் கேட்கிறோம். மறுஒலிபரப்பும் அதே நேரத்தில்தான் போகவேண்டும்.

இப்படிக்கு,
வானொலி நாடகம் எழுதி நடிக்கும் பெண்கள் சிலர்,
வன்னி.