இரண்டாவது ஆல்பம் என்றாலே சறுக்கலா?

ஆசிரியருக்கு,

'இசைக்குழுக்கள் இரண்டாவது ஆல்பத்தில் சறுக்கும்' என்றும், மெல்போர்னின் கட் காப்பி (Cut Copy) என்ற மின்னணு பாப் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் 80-களின் நகல் என்றும் உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் படித்தேன். சறுக்கல் என்றால் இந்தக் குழுவை எங்கே வைப்பது? 2004-இல் வந்த முதல் ஆல்பம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2008-இல் வந்த இரண்டாவது, 'இன் கோஸ்ட் கலர்ஸ்', ஆஸ்திரேலிய ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம், விமர்சகர்களும் கொண்டாடினார்கள். அதில் 80-களின் சின்தசைஸர் (மின்னணு இசைக்கருவி) வாசனை தூக்கல்தான், மறுக்கவில்லை. அதற்காக நகல் என்பதா? பாட்டும் பாட்டும் சிறு இசைத்துணுக்குகளால் ஒட்டிக்கொண்டு ஓடுகிற அழகைக் கட்டுரையாளர் கேட்டாரா, இல்லை போனில் நாலு பாட்டைத் தட்டிவிட்டு எழுதினாரா? ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை நான் ஹெட்போனைக் கழற்றவில்லை (பக்கத்து சீட்டுப் பாட்டிக்கு என் தலையாட்டலைப் பார்த்து ஒரே சந்தேகம்). அடுத்த முறை முழுசாகக் கேட்டவரை எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்